கொக்கி நிற்கும் இடம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிவதற்கு முன்பே தேனி மாவட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு கூலி ஜீப்புகள் அதில் ஏறத் தொடங்கிவிடும். பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி என்று இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிற வண்டிகள். தார்ச்சாலை வரைக்கும் கவலை இல்லை. அதை விட்டிறங்கித் தோட்டத்துக்குள் நுழையும் மண்பாதைதான் சோதிக்கும். ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை அந்தச் செம்மண் வழுக்கிக்கொண்டே இருக்கும். சக்கரம் புதைந்தால் ஆட்களே இறங்கித் தள்ளுவார்கள். தள்ளி வராததை இன்னொரு வண்டி கட்டி இழுக்க வேண்டும்.

அப்படி இழுப்பதற்கென்றே ஒரு தோட்டத்துக்காகப் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றைத் தயார் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போடியில் அந்தப் பட்டறைக்குப் போனேன்.

முன் பம்பரைக் கழற்றியிருந்தார்கள். சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களும் நுனி வரை வெளியே தெரிந்தன. மூத்த மெக்கானிக் குத்தவைத்து உட்கார்ந்து கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டிய இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, பழந்துணியால் சுத்தமாகத் துடைத்தார். பிறகு சாக்பீஸ் பொடியைத் தூவினார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏதும் இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் பொடியில் கோடாகக் கசிந்து வரும். இடது சட்டத்தில், பழைய கமான் பட்டைத் தாங்கியின் அருகே, முடி அளவுக்கு ஒரு கோடு வந்தது.

"வின்ச்சு காசு இருந்தா யாரும் வாங்கலாம் தம்பி. அது எதுல நிக்கப்போகுதுன்னு ஒருத்தனும் பாக்குறதில்ல" என்றார்.

அந்தப் பட்டறையில் நான் கண்ட வேலை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது. வேடிக்கை பார்க்கிறவர்கள் கயிற்றைப் பார்ப்பார்கள், அதைச் சுற்றி இழுக்கும் வின்ச்சின் பளபளப்பைப் பார்ப்பார்கள். அந்த இழுவிசை வண்டிக்குள் எங்கே போய் இறங்குகிறது என்பதுதான் இந்தத் தொழிலாளிகளின் கவலை.

விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தினார்கள். பிறகு பற்றவைத்து, உள்ளே ஒரு பட்டை கொடுத்தார்கள். கொக்கிக்கு 10 மில்லிமீட்டர் கனத் தகடு. சேசிஸ் சட்டம் 'ப' வடிவத்தில் இருப்பதால் வெறும் போல்ட்டை முறுக்கினால் சட்டம் நசுங்கும் என்று உள்பக்கமும் ஒரு தகட்டை வைத்து, இரண்டுக்கும் நடுவே சட்டத்தைப் பிடிக்கவிட்டார்கள். துளைகள் எல்லாம் சட்டத்தின் செங்குத்துப் பக்கத்தின் நடுவில்தான். மேல், கீழ் மடிப்புகளில் ஒன்றுகூட இல்லை. வண்டி பாரம் ஏற்றி வளையும்போது அதிக அழுத்தம் வாங்குவது அந்த மடிப்புகள். அங்கே துளை போட்டால் முறிவுக்கு நாமே இடம் குறித்துக் கொடுத்ததாகும். போல்ட்டுகளின் தலையில் 8.8 என்ற எண் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெல்டர் பையன் எடுத்துக் கொடுத்தான். எண் இல்லாத போல்ட் ஒன்று கலந்து வந்திருந்தது. அதைத் தனியே எறிந்தான்.

வண்டியோடு வந்த சிறு வளையங்களை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டேன். பல வண்டிகளின் அடியில் இருக்கும் வளையங்கள், லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டி நகராமல் கட்டிவைப்பதற்கானவை. சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும் விசைக்கு அவை செய்யப்படவில்லை. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் மீள் கயிற்றை அதில் மாட்டி இழுத்து, உருண்டை முறிந்து குண்டுபோலப் பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. நைலான் மீள் கயிறு தன் நீளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வரை நீளும். நீளும்போது வாங்கிக்கொள்ளும் ஆற்றலை அது ஒரே நொடியில் திருப்பித் தரும். புதைந்த வண்டி நகர்ந்தால் நல்லது. நகராமல் கொக்கி விட்டுப்போனால், அந்த ஆற்றல் முழுவதும் இரும்புத்துண்டோடு மனிதர்கள் நிற்கும் பக்கம் வரும்.

வின்ச் மேசைமேல் இருந்தது. 9,500 பவுண்ட், அதாவது சுமார் 4,300 கிலோ இழுக்கும் மின்சார வின்ச். அந்த 4,300 என்பது டிரம்மில் கயிறு ஒரே அடுக்காக இருக்கும்போதுதான். அடுக்கு ஏற ஏற இழுவை குறையும். அதனால் கயிற்றை முடிந்த மட்டும் வெளியே விட்டு இழுப்பதே நல்லது. கம்பிவடமாக இருந்தால் டிரம்மில் ஐந்து சுற்றாவது மிஞ்ச வேண்டும். முழு பாரத்தில் இழுக்கும்போது 400 ஆம்பியர் வரை மின்சாரம் கேட்கும் என்பதால் பேட்டரியிலிருந்து கட்டைவிரல் தடிமனில் கேபிள் இழுத்திருந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டுவிட்டு இழுக்க வேண்டும். வயரிங் வேலையில் இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கணக்கு இங்கிருந்துதான் சுவாரசியமாகிறது. ஆட்களும் மூட்டைகளும் ஏறிய ஜீப் ஏறக்குறைய இரண்டு டன் என்று வைத்துக்கொள்வோம். சக்கர அளவு சேறு என்றால் அதை இழுக்க வண்டியின் எடை அளவுக்கு விசை வேண்டும். மட்கார்டு வரை போனால் இரண்டு மடங்கு, பாடி வரை போனால் மூன்று மடங்கு. மீட்பு வேலை செய்கிறவர்கள் பின்பற்றும் தோராயக் கணக்கு இது. ஆறு டன்னுக்கு 4,300 கிலோ வின்ச் போதாது. அங்கேதான் கப்பி வருகிறது. கயிற்றைக் கப்பியில் கோத்து முனையைத் திரும்பவும் நம் வண்டிக்கே கொண்டுவந்தால் இழுவை இரட்டிக்கும், வேகம் பாதியாகும்.

ஆனால் கப்பியைத் தாங்கும் இடத்துக்கும் சுமை இரட்டிக்கிறதே! பட்டறையில் கிடந்த முக்கால் அங்குல ஷாக்கிளின் உடம்பில் 4.75 டன் என்று பொறித்திருந்தது. கொக்கிக்கு அது சரி. கப்பிக்கு 8.5 டன் தாங்கும் ஒரு அங்குல ஷாக்கிளைத் தேடி மதுரைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார் மெக்கானிக். அது வந்து சேரும்வரை வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்று தோட்டத்துக்காரரிடம் போனில் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். ஒரு சின்ன இரும்பு வளையத்துக்காக வாடிக்கையாளரைக் காக்கவைக்கிற அந்தப் பிடிவாதத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

இந்த மலைக்குக் கம்பிவடம் புதிதில்லை. ஒரு காலத்தில் மூணாறின் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடி வந்து சேர்ந்தன. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது.

ஷாக்கிள் வந்த பிறகு தோட்டத்தில் சோதித்தார்கள். நானும் கூடப் போனேன். ஓடைக்கு அருகே ஒரு ஜீப்பை வேண்டுமென்றே சேற்றில் இறக்கியிருந்தார்கள். நான் வின்ச்சை எதிர்பார்த்து நிற்க, டிரைவர் மம்பட்டியை எடுத்தார். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் சேற்றை வழித்து, அச்சுக்கு அடியில் முட்டிக்கொண்டிருந்த மண்ணைக் கடப்பாரையால் குத்திவிட்டார். டயர்களில் காற்றைப் பாதியளவு இறக்கினார். "பாதிப் பாரம் இதுலயே போயிரும் சார். மெசினு மிச்சத்துக்குத்தேன்."

கப்பி கட்ட நிழல்மரம் ஒன்றைத் தேர்ந்தார். அடிமரத்தோடு, தரைக்கு மிக அருகில், அகலமான பட்டையைச் சுற்றினார். வெறும் கம்பிவடம் மரப்பட்டையை அறுத்து மரத்தையே சாகடித்துவிடும். ஏலத்தோட்டத்தில் நிழல்மரம் செத்தால் செடிக்குக் கேடு. ஷாக்கிளின் ஆணியை முழுதும் முறுக்கிவிட்டுக் கால் சுற்று பின்னால் தளர்த்தினார், பாரம் ஏறியபின் இறுகிப்போகாமல் இருக்க. புதைந்த வண்டியின் இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையை நீளமாக விட்டார். குட்டையாகக் கட்டி இரு கைகளும் 120 பாகைக்கு விரிந்தால், ஒவ்வொரு கையும் மொத்தச் சுமையையும் தனியே சுமக்கும். பகிர்ந்து பயனில்லாமல் போகும். கடைசியாகக் கம்பிவடத்தின் நடுவில் நனைத்த கனமான சாக்கைப் போட்டார். அறுந்தால் அதன் வீச்சை அது மட்டுப்படுத்தும்.

ஏலம் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்க்க வந்தார்கள். "யக்கா, அந்தக் கயிறு நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளிப் போங்க. கயித்துக்கு நேரா நிக்கப்படாது" என்று அவர் கத்த, எல்லோரும் மேட்டுக்கு ஏறினார்கள். பிறகுதான் பொத்தானை அழுத்தினார். கம்பிவடம் இறுகி, மரம் ஒருமுறை முனகி, ஜீப் சத்தமில்லாமல் ஊர்ந்து வந்தது.

இந்தக் கவனம் ஏன் தேவை என்பதை இடுக்கிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள். சரிந்த செய்தி வெளியே போவதற்கே விடிய வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடங்களில் முதலில் போய்ச் சேரக்கூடியது உள்ளூர் ஜீப்தான்.

ஆனால் இந்த வேலைக்கு அங்கீகாரம் இல்லை. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முகப்பில் கிராஷ் கார்டு பொருத்துவதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது. சாலையில் நடப்பவரைக் காக்கும் அந்த முடிவு சரியானதே. இந்த மெக்கானிக்கும் குழாய் வளைத்த முகப்பு எதையும் மாட்டுவதில்லை. ஆனால் மலைத்தோட்டங்களின் மீட்பு வண்டிகளுக்கு என்ன தகடு, என்ன போல்ட், என்ன கொக்கி என்று ஒரு தரம் வகுத்து, பரிசோதித்துச் சான்று தர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதை வகுக்கும் மேசையில் போடி, மூணாறுப் பட்டறைக்காரர்கள் உட்கார வேண்டும்.

வண்டியை ஒப்படைக்கும்போது மெக்கானிக் டிரைவரிடம் சொன்னதெல்லாம் திரும்பி வந்தபின் செய்ய வேண்டியவை. கம்பிவடத்தை முழுதும் வெளியே இழுத்துக் கழுவு. இழை அறுந்து குத்துதான்னு பாரு, ஆனா வெறுங்கையால உருவாத. அப்புறம் லேசா பாரம் குடுத்துச் சுத்து, லூசா சுத்தினா அடுத்த தடவை மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள்ள போய் மாட்டிக்கும். டயருக்குக் காத்து அடிச்சிட்டுத்தேன் தாரோட்டுல ஏறணும். போல்ட்டு எல்லாத்தையும் ஒரு வாரம் கழிச்சு வந்து முறுக்கிட்டுப் போ.

"வாரேண்ணே" என்று டிரைவர் தோல் கையுறையைச் சீட்டுக்கு அடியில் வைத்தார். அதை எடுத்துக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி டேஷ்போர்டின் மேல் வைக்கச் சொன்னார் மெக்கானிக்.