காற்றுத் தலையணை

யசுஜிரோ ஓஸுவின் 'டோக்கியோ கதை' (1953) ஒரு காற்றுத் தலையணையைத் தேடுவதில் தொடங்குகிறது. ஓனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து ஒரு வயோதிகத் தம்பதி டோக்கியோவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். தலையணையை உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் கிழவர். என்னிடம் இல்லை என்கிறாள் கிழவி. கடைசியில் அது அவர் மூட்டையிலேயே இருக்கிறது. சாவு வீட்டில் இந்தத் தலையணையை மறுபடி காட்டி நம்மை அழவைக்க ஓஸு முயல்வதில்லை. நம் சினிமாவில் பழகிய மனசுக்கு இது முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம்.

மூத்த மகன் டாக்டர். மகள் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். இருவருக்கும் வேலை ஓயவில்லை. பணம் போட்டுப் பெற்றோரை அடாமி வெந்நீரூற்றுக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே இரவுச் சத்தத்தில் அவர்களுக்குத் தூக்கம் வருவதில்லை. யுத்தத்தில் மாண்ட மகனின் மனைவி நோரிகோதான் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். ஊர் திரும்பியதும் கிழவி இறந்துபோகிறாள். உயிர் பிரியும் கணம் படத்தில் இல்லை. ஆள் நடமாட்டமற்ற விடியற்காலை ஊர்தான் காட்டப்படுகிறது.

பிள்ளைகளால் மனம் நொந்த தகப்பன் நமக்குப் புதியவனல்ல. 'வியட்நாம் வீடு' (1970) படத்தில் சிவாஜி கணேசன் பேசிப் பேசி நம்மைக் கரைக்கிறார். நாமும் குற்றவாளி யாரென்று தெரிந்துகொண்ட நிம்மதியில் வீடு திரும்புகிறோம். ஓஸு இந்த நிம்மதியைத் தருவதில்லை. தாய் போனதும் மகள் வாய்விட்டு அழுகிறாள். சற்றுக் கழித்துச் சாப்பிடும்போது, அம்மாவின் இன்ன உடுப்பு எனக்கு வேண்டும் என்று கேட்கிறாள். அழுகையும் நிஜம், கேட்டதும் நிஜம். இரண்டுக்கும் ஒரே உயரத்தில்தான் காமிரா இருக்கிறது: பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் சற்றுக் கீழே, பெரும்பாலும் அசையாமல். அந்த உயரத்திலிருந்து யாரையும் குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தமிழில் இதற்குக் கிட்டே வந்தது பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' (1989). மனைவியை இழந்த கிழவர் (சொக்கலிங்க பாகவதர்) கிராமத்தை விட்டுச் சென்னையில் உறவுக்காரப் பையன் வீட்டுக்கு வந்து சேர்கிறார். அந்த வீட்டில் கெட்டவர் எவரும் இல்லை. வருமானம் சிறியது, வீடும் சிறியது; அவ்வளவுதான். தேசிய விருது பெற்ற அந்தப் படத்தின் வழியில் பின்னால் அதிகம் பேர் போகவில்லை.

சோரியாங்குப்பத்தில் என் அப்பாவோடு உட்கார்ந்து 'டோக்கியோ கதை'யை லேப்டாப்பில் பார்த்தேன். அம்மா இல்லாத வீடு. 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்துபோனதிலிருந்து, சென்னையில் இருக்கும் அண்ணன் அப்பாவை அங்கே அழைத்துக்கொண்டே இருக்கிறார். அப்பா பிடி கொடுக்கவில்லை. ஆங்கில எழுத்துகளைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கால்மணி நேரத்தில் "சும்மா இரு, தெரியுது" என்றார். பாதியில் தங்கையும் அடுப்படி வேலையை முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோரை வெளியே கூட்டிப்போகக் கிளம்பும் டாக்டர் மகன், நோயாளிக்காக அழைப்பு வந்து போய்விடுகிறான். எழுதப்படும் விமர்சனங்களில் இது குடும்பச் சிதைவின் முதல் அடையாளம். அப்பா சொன்னார்: "டாக்டருக்கு ஏது ஞாயித்துக்கெழம? ஆள் வந்து கூப்ட்டா போவாம இருப்பானா?" மகனுக்காக வாதாடிய குரல் அது. அந்தக் கிழவரும் ஒருவேளை இப்படித்தான் நினைத்திருப்பார். குறை சொல்லாதவர்கள் எதையும் உணராதவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஓஸுவில் கிடைக்கும் சந்தோஷம் இந்த வகையைச் சேர்ந்தது. அதில் ஆறுதல் குறைவு.

படம் முடிவில் கிழவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். "இவருக்கு இனிமே யாரு சோறு போடுவா?" என்றார் அப்பா. கடைசிப் பெண் கூட இருக்கிறாளே, பள்ளிக்கூட டீச்சர் என்றேன். "அது கட்டிக்கிட்டுப் போயிடுமே" என்றார். தங்கை எழுந்து உள்ளே போனாள்.

அந்தக் கேள்வியை ஓஸு நான்கு வருஷம் முன்பே, 'பின் வசந்தம்' (1949) படத்தில் எடுத்துக்கொண்டுவிட்டார். கல்யாணமே செய்துகொள்ளாமல் தாயோடு வாழ்ந்த மனிதர் அவர். தகப்பனைத் தனியே விட மனமில்லாமல் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் பெண்ணாக செட்சுகோ ஹாரா. தான் மறுமணம் செய்துகொள்ளப்போவதாகப் பொய் சொல்லி அவளை அனுப்பிவைக்கும் தகப்பனாக சிஷு ரியூ. கல்யாணம் காட்டப்படுவதில்லை. மாப்பிள்ளையின் முகம்கூட நமக்குத் தெரியாது. பெண்ணை அனுப்பிவிட்டு வீடு திரும்பியவர் ஒரு ஆப்பிளின் தோலைச் சீவுகிறார். பிறகு தலை கவிழ்கிறது.

இதையும் அப்பாவோடு பார்க்க வேண்டும். தங்கை வீட்டில் இருக்கும்போது போடுவதா, இல்லாதபோதா என்பதுதான் இன்னும் தீர்மானமாகவில்லை.