சீனாவின் பழைய குரூசர்கள்: ஒரு டீச்சரின் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன பதிவில் எம்டன் கப்பலைப் பற்றி எழுதியிருந்தேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் குரூசர். சீனாவின் சிங்தாவ் துறைமுகம்தான் அதற்குத் தாய்வீடு என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அதற்கு, சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருக்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர், "சீனத் துறைமுகத்தில் ஜெர்மன்காரனுக்கு என்ன வேலை டீச்சர்? சீனாவிடம் அப்போது சொந்தக் கப்பற்படையே இல்லையா?" என்று கேட்டார். அதன் கீழே இன்னொருவர், "இருந்திருக்கும், சீனா பொருள் ஆச்சே, முதல் அடியிலேயே உடைஞ்சிருக்கும்" என்று எழுதிச் சிரித்திருந்தார். பதினேழு பேர் அதற்கு லைக் போட்டிருக்கிறீர்கள்! சிரித்தவர்கள் எல்லாரும் ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் குரூசர் என்றால் என்ன? பெரிய போர்க்கப்பலுக்குக் கனமான கவசம் உண்டு, வேகம் குறைவு. சின்னப் பீரங்கிப் படகால் தொலைதூரம் போக முடியாது. இரண்டுக்கும் நடுவில், வேகமாக ஓடவும், நெடுந்தூரம் போகவும், ஓரளவு அடிக்கவும் அடிவாங்கவும் கூடிய கப்பல்தான் குரூசர். வேகம், கவசம், பீரங்கி, நிலக்கரி நான்கையும் குறிப்பிட்ட எடைக்குள் அடக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான்.

சீனாவில் நீராவிக் கப்பல் கட்டும் வேலை 1866-இல் ஃபூஜோ நகரத்துக்குப் பக்கத்தில் தொடங்கியது. ஸுவோ ஜோங்டாங் என்ற பெரிய அதிகாரி தொடங்கிவைத்தார். ஷென் பாவ்ஜென் பொறுப்பேற்று நடத்தினார். புரோஸ்பர் ஜிகெல் என்ற பிரெஞ்சுக்காரர் தொழில்நுட்பத்தைக் கவனித்தார். எனக்குப் பிடித்த விஷயம், கப்பல் பட்டறையோடு சேர்த்துப் பள்ளிக்கூடமும் திறந்ததுதான். கப்பல் கட்டப் படிப்பவர்களுக்குப் பிரெஞ்சு மொழி, கப்பல் ஓட்டப் படிப்பவர்களுக்கு ஆங்கிலம். அந்தப் பள்ளியின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அங்கே கட்டிய யாங்வூ என்ற மரக் கப்பல் 1872-இல் தயாரானது. நீராவியும் உண்டு, பாய்மரமும் உண்டு. 1884 ஆகஸ்ட் 23 அன்று, அதைக் கட்டிய ஆற்றிலேயே, பிரெஞ்சுக்காரர்களின் டார்பிடோ படகு ஒன்று அதைத் தாக்கி அழித்தது. மர உடம்புக் கப்பல்களின் காலம் முடிந்துவிட்டது என்று அதற்கு முன்பே லி ஹோங்ஜாங் போன்றவர்களுக்குப் புரிந்திருந்தது. வடக்கே பெய்யாங் கப்பற்படையை உருவாக்கியவர் அவர். நல்ல எஃகுக் கப்பல்களுக்காக இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் ஆர்டர் கொடுத்தார்.

இப்போது கப்பல்களை வரிசையாகப் பார்ப்போம். ஒரு சின்ன எச்சரிக்கை: சீனப் பெயர்கள் நம் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஒரே ஒலியுள்ள இரண்டு கப்பல்கள்கூட உண்டு, எழுத்து மட்டும் வேறு. நம் ல, ள, ழ கேட்டு வெளியூர்க்காரர் விழிப்பது மாதிரி. அதனால் அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதிய மாதிரியே எழுதுகிறேன்.

ஒன்று: சாவ்யோங், யாங்வெய். இரட்டைப் பிள்ளைகள். இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில், நியூகாசில் நகரத்தில் கட்டப்பட்டு 1881-இல் சீனாவுக்கு வந்தன. எடை சுமார் 1,350 டன். வேகம் மணிக்கு 16 கடல் மைல். முன்னும் பின்னுமாக இரண்டு 10 அங்குலப் பீரங்கிகள். கவசம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு பெரிய பீரங்கியா என்று அன்று உலகமே திரும்பிப் பார்த்தது. ஜார்ஜ் ரெண்டல் என்ற பொறியாளரின் வரைபடம் அது. அதுவரை வாங்கிய கப்பல்களை வெள்ளைக்கார மாலுமிகள் ஓட்டிவந்து ஒப்படைப்பார்கள். இந்த இரண்டையும் எடுத்துவர டிங் ருசாங் தலைமையில் சீன மாலுமிகளே நியூகாசிலுக்குப் போனார்கள். அவர்களில் சிலர் ஊர் திரும்பவில்லை. 1881-இலும் 1887-இலும் அங்கே இறந்துபோன ஐந்து சீன மாலுமிகளின் கல்லறைகள் அந்த நகரத்து இடுகாட்டில் இன்றும் இருக்கின்றன.

இரண்டு: ஜியுவான். ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரத்தில் வுல்கான் நிறுவனம் கட்டியது. 1883-இல் நீரில் இறக்கினார்கள். பிரான்ஸோடு சண்டை நடந்ததால் 1885-இல்தான் வந்து சேர்ந்தது. சுமார் 2,300 டன், 15 கடல் மைல் வேகம். 21 சென்டிமீட்டர் பீரங்கி இரண்டு. கப்பலின் உள்ளே, இயந்திரங்களுக்கு மேலே மூடி போட்ட மாதிரி எஃகுத் தளம். முதல் இரட்டையரிடம் இல்லாத பாதுகாப்பு இதில் வந்துவிட்டது.

மூன்று: சிஹ்யுவான், சிங்யுவான். மறுபடியும் நியூகாசில், ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனம். 1886-இல் நீரில் இறக்கி 1887-இல் முடித்தார்கள். அதே 2,300 டன்தான். ஆனால் வேகம் 18 கடல் மைல், 21 சென்டிமீட்டர் பீரங்கி மூன்று, கூடவே 6 அங்குலப் பீரங்கி இரண்டு, நல்ல கவசத் தளம். ஜியுவானோடு வைத்துப் பாருங்கள். எடை ஏறவில்லை, வேகமும் ஏறியது, பீரங்கியும் ஏறியது. நாலு வருஷத்தில் தொழில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நான்கு: கிங்யுவான், லாய்யுவான். அதே 1887-ஆம் ஆண்டுப் பிள்ளைகள், ஆனால் ஸ்டெட்டினில் பிறந்தவை. 2,900 டன். வேகம் சுமார் 16-க்குள்தான். பீரங்கி இரண்டு. அதற்குப் பதிலாக நடு இடுப்பில் 9 அங்குலத்துக்கும் மேல் தடித்த கவசப் பட்டை. ஆங்கிலேயர் "அடி படாமல் ஓடு" என்று கட்டினார்கள், ஜெர்மானியர் "அடி பட்டாலும் நில்" என்று கட்டினார்கள். லி ஹோங்ஜாங் இரண்டு விதத்திலும் இரண்டிரண்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க வழிசெய்தார்.

ஐந்து: பிங்யுவான். இது ஃபூஜோவில் சீனர்களே கட்டிய கவசக் கப்பல். 1888-இல் நீரில் இறங்கியது. சுமார் 2,100 டன், 26 சென்டிமீட்டர் பீரங்கி ஒன்று. வேகம் 11 கடல் மைலைத் தாண்டாது. மற்றவற்றோடு ஒப்பிட்டால் மதிப்பெண் குறைவுதான். ஆனால் மற்றவை கடையில் வாங்கியவை, இது சொந்தக் கையெழுத்து. நான் திருத்தினால் இதற்கு ஒரு 'நன்று' போட்டுத்தான் விடுவேன்.

ஆக, 1888-இல் சீனாவின் கணக்கு மோசமில்லை. ஸ்டெட்டினில் கட்டிய டிங்யுவான், ஜென்யுவான் என்ற இரண்டு பெரிய கவசப் போர்க்கப்பல்களையும் சேர்த்தால், அன்று ஜப்பானே அஞ்சிய படை அது. "முதல் அடியிலேயே உடைகிற பொருள்" இல்லை. உலகத்தின் சிறந்த பட்டறைகளில் செய்தது.

பிறகு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பிரச்சினை. 1888-க்குப் பிறகு பெய்யாங் படை வெளிநாட்டில் ஒரு பெரிய கப்பல்கூட வாங்கவில்லை. 1891-இல் வெளிநாட்டுக் கப்பல், பீரங்கி வாங்குவதையே நிதித்துறை நிறுத்திவைத்தது. பேரரசித் தாய் சிஷியின் கோடைக்கால அரண்மனை வேலைக்குக் கடற்படைப் பணம் போனது. அந்த அரண்மனை ஏரியில் கல்லால் ஆன ஒரு படகு இருக்கிறது, 1893-இல் புதுப்பித்தார்கள். அது எங்கேயும் போகாது. பயிற்சி கொடுத்துவந்த ஆங்கிலேய அதிகாரி லாங், 1890-இல் கொடி மரியாதைத் தகராறு ஒன்றில் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அதே 1893-இல் ஜப்பான் பேரரசர் கப்பல் கட்டுவதற்காக அரண்மனைச் செலவில் ஆண்டுக்கு 3 லட்சம் யென் ஒதுக்கினார். அரசு அதிகாரிகள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள்.

அந்த 1893-இல்தான் ஜப்பானுக்காக யோஷினோ கட்டி முடிந்தது. எங்கே? அதே நியூகாசில், அதே ஆர்ம்ஸ்ட்ராங். 4,200 டன், 23 கடல் மைல் வேகம். 6 அங்குலத்தில் நான்கு, 4.7 அங்குலத்தில் எட்டு, எல்லாம் புதுவகை விரைவுப் பீரங்கிகள். பழைய பெரிய பீரங்கி ஒரு குண்டு போட ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். இது ஒரு நிமிடத்தில் ஐந்தாறு குண்டு போடும். சிஹ்யுவானுக்கும் யோஷினோவுக்கும் இடையில் ஆறே வருஷம்தான்.

1894 செப்டம்பர் 17, யாலு ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் இரண்டு படைகளும் மோதின. சீனக் கப்பல்கள் பக்கவாட்டில் வரிசையாக நின்றன. வலது கோடியில், மிகப் பலவீனமான இடத்தில், பதின்மூன்று வயதான சாவ்யோங்கும் யாங்வெய்யும். யோஷினோ தலைமையில் வேகக் கப்பல்கள் நேராக அந்தக் கோடிக்குத்தான் வந்தன. வருஷக்கணக்காகப் பூச்சும் வார்னிஷும் ஏறிய மரத் தடுப்புகள் தீப்பிடித்து எரிய, இரண்டும் அன்றோடு முடிந்தன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த இரட்டையருக்கு மூன்றாவதாக ஓர் உடன்பிறப்பு உண்டு. அதே வரைபடத்தில் சிலி நாட்டுக்காகக் கட்டியது. அதை 1883-இல் ஜப்பான் வாங்கி 'சுகுஷி' என்று பெயர் வைத்தது. யாலு சண்டைக்கு ஜப்பான் அதைக் கொண்டுவரவே இல்லை. வயதான கப்பலுக்கு ஏற்ற வேலைகளைக் கொடுத்தது. 1906 வரை அது பணியில் இருந்தது. ஒரே வரைபடம், ஒரே நாட்டுப் பட்டறை. அதைவிட நல்ல கப்பல் கையில் இருந்தவர்கள் அதைப் பின்னால் நிறுத்த முடிந்தது. இல்லாதவர்கள் முன்வரிசையில் நிறுத்தினார்கள்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். சிஹ்யுவானின் தலைவர் டெங் ஷிசாங் அங்கே படித்தவர். கப்பல் சேதமடைந்த நிலையில் யோஷினோவை முட்டி மூழ்கடிக்கப் பாய்ந்தார். எட்டும் முன்பே கப்பல் மூழ்கியது. சீன நாட்காட்டிப்படி அன்று அவருக்குப் பிறந்தநாள். கப்பலில் இருந்த ஏறத்தாழ 250 பேரில் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிங்யுவானோடு இறந்த லின் யோங்ஷெங்கும் அதே பள்ளி. ஜியுவானின் தலைவர் ஃபாங் போசியானும் அதே பள்ளிதான். அவர் சண்டையிலிருந்து விலகிப் போனார். ஒரே வாரத்தில், செப்டம்பர் 24 அன்று, கோழை என்று தலையை வெட்டினார்கள். பீரங்கிகள் பழுதாகிவிட்டன என்பது அவர் தரப்பு. அந்தத் தீர்ப்பு சரியா என்று சீன வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

ஃபாங், லின் இரண்டு பேரோடும் அதே வகுப்பில் படித்து, 1877-இல் அவர்களோடு இங்கிலாந்தின் கிரீனிச் கடற்படைக் கல்லூரிக்கும் போனவர் யான் ஃபூ. திரும்பி வந்ததும் அவர் வாத்தியார் ஆனார். தியான்ஜின் கடற்படைப் பள்ளியில் சுமார் இருபது வருஷம் வேலை. கூடப் படித்தவர்களில் ஒருவர் வீரராக, ஒருவர் குற்றவாளியாக ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்த செய்தி அவருக்கு எப்படி இருந்திருக்கும்! அவர் அடுத்து செய்ததுதான் பெரிது. பீரங்கி குறைவு என்று மட்டும் பேசாமல், கல்வியும் சிந்தனையும் பழசாகிவிட்டன என்று எழுதத் தொடங்கினார். 1898-இல் ஹக்ஸ்லியின் பரிணாமம் பற்றிய நூலை அவர் சீன மொழியில் கொண்டுவந்தார். ஒரு தலைமுறையே அதைப் படித்து வளர்ந்தது.

மீதிக் கப்பல்கள் வெய்ஹாய்வெய் துறைமுகத்தில் 1895 பிப்ரவரியில் முடிந்தன. லாய்யுவானும் சிங்யுவானும் அங்கே மூழ்கின. ஜியுவானையும் பிங்யுவானையும் ஜப்பான் பிடித்துத் தன் கொடியை ஏற்றியது. இரண்டும் 1904-இல் ரஷ்யாவோடு நடந்த போரில் கண்ணிவெடியில் சிக்கின. படையில்லாத கடற்கரை திறந்த வீடு மாதிரி. 1897-இல் ஜெர்மனி வந்து சிங்தாவ் விரிகுடாவைப் பிடித்துக்கொண்டது. இன்ஜினியர் தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

எனக்கு இந்தக் கதையில் பிடிபட்டது இவ்வளவுதான். நான் இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி முடித்தது 1979-இல். அந்த டிப்ளமோவை வைத்துக்கொண்டு 2018 வரை பாடம் நடத்தினேன். காகிதத்தில் தகுதி அதேதான், எதிரே உட்கார்ந்த பிள்ளைகள் மட்டும் வருஷா வருஷம் புதிது. கோடை விடுமுறையில் பணியிடைப் பயிற்சி என்றால் முணுமுணுக்காமல் போனவர்களும் உண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. வித்தியாசம் வகுப்பறையில் தெரியும். இன்று நீங்கள் லேத் பட்டறை, மருத்துவமனை, கணினி அலுவலகம் என்று எங்கெங்கோ இருக்கிறீர்கள். நல்ல பொருளாக வாங்கிவிட்டோம், நல்ல படிப்பாகப் படித்துவிட்டோம் என்பது வாங்கிய வருஷத்துக்கு மட்டும்தான் சரி. உங்களிடம் வேலை செய்கிற பெரியவர் ஒருவர் தடுமாறினால், கோழை என்றோ உதவாதவர் என்றோ ஒரு வாரத்தில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அவர் கையில் என்ன கருவி கொடுத்தீர்கள், கடைசியாக எப்போது பயிற்சி கொடுத்தீர்கள் என்று முதலில் பாருங்கள்.

சிஹ்யுவானின் சிதைவை 2014-இல் தான்டோங் கடலடியில் கண்டுபிடித்தார்கள். கப்பலின் பெயர் பொறித்த பீங்கான் தட்டுகள் கிடைத்தன. உடைந்துதான், ஆனால் எழுத்து அழியாமல்.

லைக் போட்ட பதினேழு பேரும் கீழே ஒரு வரி எழுதுங்கள்: வேகமா, கவசமா, நீங்கள் லி ஹோங்ஜாங் இடத்தில் இருந்தால் எதை வாங்கியிருப்பீர்கள்? காரணத்தோடு எழுதினால்தான் முழு மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்