நீலமா, பச்சையா?



சாத்தான்குளத்து வீட்டில் அம்மாவின் அறைக்குப் பெயின்ட் அடித்தோம். அம்மாவுக்கு வயது 88. பகலெல்லாம் கட்டிலில் இருந்து பார்ப்பது ஒரே சுவரைத்தான். ஜன்னல் மேற்குப் பார்த்தது. நாலு மணிக்கு மேல் வெயில் கட்டில் வரை வந்துவிடும். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டுமே என்று மகன் வெளிர் நீலம் சொன்னான். எனக்கு வெளிர் பச்சை.

பெயின்டர் தம்பி இரண்டையும் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு அடித்துக் காட்டினார். நீங்களும் கடை அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலையில் இரண்டும் அழகு. சாயங்கால மஞ்சள் வெயிலில் நீலம் சாம்பல் பூத்துப்போனது; பச்சை அப்படியே நின்றது. மஞ்சள் வெயிலில் நீல ஒளி குறைவு. வருகிற ஒளியைத்தானே சுவர் திருப்பித் தரும்?

அம்மாவிடம் கேட்டேன். "ஏட்டி, ரெண்டும் ஒரே கலருதான! இதுக்கா ரெண்டு நாளா பேசிக்கிட்டு இருக்கிய?" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். அது முதலில் தடுப்பது நீல ஒளியை. அப்புறம் வெளிர் நீலமும் வெளிர் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். போன மாதம் பச்சை மாத்திரை அட்டைக்குப் பதில் நீல அட்டையை எடுத்துவிட்டாள் என்று அம்மாவை அதட்டியிருந்தேன். லென்ஸ் பாடம் நடத்திய டீச்சர் நான்!

அப்போது இன்னொரு முகமும் நினைவுக்கு வந்தது. இலைக்குப் பழுப்பு நிறம் அடித்ததற்காக நான் பெஞ்சு மேல் ஏற்றிய ஐந்தாம் வகுப்புப் பையன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண் சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். அணுக்கொள்கை சொன்ன ஜான் டால்டனுக்கும் நிறக்குருடு இருந்தது. 1794-இல் அவரே அதைப்பற்றிக் கட்டுரை வாசித்தார். அந்தப் பையனின் கண் எப்படியோ, எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்காமல் தண்டித்தேன் என்பது மட்டும் தெரியும்.

சுவருக்குப் பச்சையே அடித்தாயிற்று. கதவு நிலைக்கும் சுவிட்ச் பலகைக்கும் அடர் நிறம் கொடுத்தோம், தடவாமல் கண்டுபிடிக்கட்டும் என்று. மாத்திரை டப்பாவில் 'காலை', 'ராத்திரி' என்று கரும்பலகை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன். அடுத்த வாரம் கண் டாக்டரிடம் போகிறோம்.

"பழைய வீட்டுல சுண்ணாம்புல நீலம் கலந்து அடிப்போமே, அதே மாதிரி இருக்குட்டி" என்றாள் அம்மா. நான் திருத்தவில்லை.

பழுப்பு இலை வரைந்த ராசா, இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடு. ஒரு தடவை வீட்டுக்கு வா.

அன்புடன்,
உங்கள் டீச்சர்