ரீசெட் அனுப்பியது யார்

என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பியின் மேல் அவன் செய்யாத தப்பைச் சுமத்தினேன். அவன் செய்யவில்லை என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. விஷயம் ஸ்டோரேஜ் சம்பந்தப்பட்டது. என் தப்பு எந்த இடத்தில் நடந்தது என்று விளங்க வேண்டுமானால், அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பெரிய அலுவலகங்களில் டேட்டா முழுவதும் ஸ்டோரேஜ் அரே என்ற பெட்டியில் இருக்கும். ஒவ்வொரு சர்வரிலும் ஹெச்பிஏ என்கிற கார்டு உண்டு. அதிலிருந்து ஃபைபர் கேபிள் சுவிட்சுக்குப் போகும், சுவிட்சிலிருந்து அரேக்குப் போகும். கேட்ட டேட்டா குறித்த நேரத்துக்குள் வராவிட்டால், சர்வர் முதலில் அந்த ஒரு கட்டளையை ரத்து செய்யப் பார்க்கும். அது பலிக்காவிட்டால் அந்த லன்னை, அதாவது அரே அந்த சர்வருக்கு ஒதுக்கிய டிஸ்க்கை, ரீசெட் செய்யும். அதற்கும் மசியாவிட்டால் டார்கெட் ரீசெட். ஒரு வீட்டில் ஃபியூஸ் போனதற்குத் தெரு டிரான்ஸ்ஃபார்மரையே அணைத்துப் போடுகிற மாதிரி அது. அந்த அரே போர்ட் வழியாக ஓடிக்கொண்டிருந்த எல்லா சர்வர்களின் கட்டளைகளும் ஒரே அடியில் காலியாகும். எல்லோருக்கும் 6/29 என்ற யூனிட் அட்டென்ஷன் வரும். ரீசெட் நடந்தது என்பதை அது சொல்லும். யார் செய்தது என்பதைச் சொல்லாது.

அப்படிப்பட்ட ரீசெட்டுகள் ஒரு மாதக் கடைசியில் எங்களுக்கு வரத் தொடங்கின. கணக்கு முடிக்கிற நேரம். டேட்டாபேஸ் திணறியது, மெயில் நின்றது, மேலிடத்திலிருந்து போன் மேல் போன். ஸ்டோரேஜும் லினக்ஸ் சர்வர்களும் என் பொறுப்பு. விண்டோஸ் சர்வர்கள் அந்தத் தம்பியின் பொறுப்பு. சில நாட்களுக்கு முன்புதான் அவன் ஒரு சர்வரில் ஹெச்பிஏ டிரைவரை மாற்றியிருந்தான். அரேயின் லாகைத் திறப்பதற்கு முன்பே, இது அவன் வேலைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். மற்றதெல்லாம் அந்த முடிவிலிருந்து வந்ததுதான்.

அரே லாகில் ரீசெட் அனுப்பியவரின் முகவரி 011300 என்று இருந்தது. சுவிட்ச் ஒவ்வொரு கார்டுக்கும் கொடுக்கிற முகவரி அது. எங்கள் சுவிட்சில் முதல் இரண்டு இலக்கம் சுவிட்சையும், நடு இரண்டு இலக்கம் போர்ட்டையும் குறிக்கும். நடுவில் 13. போர்ட் பட்டியலைப் பார்த்தேன். 13-இல் அவனுடைய சர்வர். எனக்கு வேறு என்ன வேண்டும்?

ஆனால் அந்த எண் ஹெக்ஸில், அதாவது பதினாறை அடிப்படையாகக் கொண்ட முறையில், எழுதப்பட்டது. ஹெக்ஸில் 13 என்றால் பதினாறும் மூன்றும் பத்தொன்பது. 13-ஆம் போர்ட்டாக இருந்தால் லாகில் 0டி என்று வந்திருக்கும். இதை நான் அறியாதவன் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அன்று என் கண்ணில் படவில்லை, ஏனென்றால் எனக்கு வேண்டிய எண்ணாகவே அது தெரிந்தது.

சரிபார்க்க வழி இல்லாமல் இல்லை. சுவிட்சின் நேம் சர்வரில் அந்த முகவரியைக் கேட்டிருந்தால், கார்டின் நிரந்தர எண்ணான டபிள்யூடபிள்யூபிஎன்னைக் கொடுத்திருக்கும். பதினாறு இலக்கம் கொண்ட அந்த எண்ணில் தயாரிப்பாளரின் அடையாளம் பதிந்திருக்கும். நடுவே 0000சி9 என்று வந்தால் எமுலெக்ஸ், 00இ08பி என்று வந்தால் கியூலாஜிக். அவன் சர்வரில் இருந்தது கியூலாஜிக். ஒரே ஒரு கமாண்ட். அதை நான் அடிக்கவில்லை.

அவன் வந்து நின்றது நன்றாக நினைவிருக்கிறது. "அண்ணா, ரீசெட் என் சைடுலேர்ந்து போயிருந்தா ஈவென்ட் லாக்ல 129 வந்திருக்கணும். ஒண்ணுகூட இல்ல. நீங்களே ஒருதடவை பார்த்துடுங்களேன்" என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. விண்டோஸ் ரீசெட் அனுப்பினால் 129 என்ற எச்சரிக்கையை எழுதி வைக்கும். அவன் லாகில் அடிபட்டவனின் குறிப்புகள் மட்டுமே இருந்தன, அடித்தவனின் குறிப்பு இல்லை. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சுவிட்ச் சொல்றதை நம்பவா, நீ சொல்றதை நம்பவா?" என்று கேட்டேன். நாலு பேர் இருக்கும்போது கேட்டேன்.

அன்றிரவு அவன் கார்டை மாற்றினான். கார்டு மாறினால் அதன் எண்ணும் மாறும். சுவிட்சில் ஸோனிங், அரேயில் லன் மாஸ்கிங் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். விடிய விடிய உட்கார்ந்து செய்தான். அதோடு ரீசெட்டும் நின்றது. மாதக் கணக்கு முடிந்து சுமை இறங்கிவிட்டது என்பதுதான் காரணம். ஆனால் அறிக்கையில், பழுதான கார்டும் சோதிக்காமல் போட்ட டிரைவரும் காரணம் என்று என் கையால் எழுதினேன்.

அடுத்த மாதக் கடைசியில் ரீசெட் திரும்பி வந்தது. அதே 011300. இந்தமுறை நேம் சர்வரைக் கேட்டேன். எமுலெக்ஸ். 19-ஆம் போர்ட். என்னுடைய லினக்ஸ் டேட்டாபேஸ் சர்வர். அதன் மெசேஜஸ் ஃபைலைத் திறந்தால், ஸ்கஸி லேயர் டார்கெட் ரீசெட் அனுப்பியதாக வரிவரியாக இருந்தது. முந்தைய மாதத்து வரிகளும் அங்கேயே இருந்தன. ஒருநாளும் நான் திறந்து பார்க்காத ஃபைல்.

காரணமும் நான்தான். டிஸ்க் பதிலுக்குக் காத்திருக்கிற நேரம் லினக்ஸில் வழக்கமாக 30 விநாடி. ஒரு பாதை அறுந்தால் மல்டிபாத் சீக்கிரம் மறு பாதைக்குத் தாவட்டும் என்று அதை 5 விநாடியாகக் குறைத்து வைத்திருந்தேன். இணைப்பு அறுவதைக் கவனிக்க வேறு அமைப்பு தனியாக இருக்கிறது. அந்த 30 விநாடியில் நான் கை வைத்திருக்கவே கூடாது. மாதக் கடைசிச் சுமையில் அரே கொஞ்சம் தாமதித்தாலே என் சர்வர் பொறுமையிழந்து ரத்து, லன் ரீசெட், டார்கெட் ரீசெட் என்று ஏறிப் போய், எல்லோரையும் சேர்த்துக் கீழே இழுத்தது.

30-க்கே மாற்றினேன். 'மல்டிபாத் அமைப்பு சீர்செய்யப்பட்டது' என்று ஒரு வரி எழுதி டிக்கெட்டை மூடினேன். பழைய அறிக்கையைத் தொடவில்லை. அந்த வருட மதிப்பீட்டில் அவனுக்கு அது குறையாகப் பதிவானது. சம்பள உயர்வில் கை வைத்தார்கள். அப்போதும் பேசாமல் இருந்தேன். எண்ணைத் தப்பாகப் படித்தது அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். பேசாமல் இருந்ததற்கு அவசரம் காரணம் இல்லை. என் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம்தான் காரணம்.

அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அந்த அலுவலகத்திலும் இப்போது நான் இல்லை, அறிக்கையைத் திருத்த வழியில்லை. முதலில் அவனுக்குக் கடிதம் எழுதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும், அதனால் இங்கேயும் எழுதுகிறேன். அந்த கியூலாஜிக் கார்டில் எந்தப் பழுதும் இல்லை, அவன் போட்ட டிரைவரிலும் இல்லை. இரண்டு மாதமும் ரீசெட் அனுப்பியது 19-ஆம் போர்ட்டில் இருந்த என் சர்வர்.