மாத்திரை போகிற பாடு

வலியசாலை,
12.9.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது. 

நேற்று ராத்திரி நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, உன் கால் குடைச்சல் வியாதி முற்றிவிடவில்லை. நாலு நாளாகக் கண்ணை மூடாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறாயே, அது மாத்திரை உடம்பை விட்டுப் போகிற பாடு. நானும் பட்டவள்தான். போனில் இதையெல்லாம் கோர்வையாகச் சொல்ல எனக்கு வராது. தூக்கம் கெட்ட தலையில் காதால் கேட்டது நிற்கவும் நிற்காது. அதனால்தான் எழுதுகிறேன். ராத்திரி நடக்கும்போது கையில் வைத்துக்கொண்டு படி.

நாளைக்கே டாக்டரிடம் போ. நீயாக ஒரேயடியாக நிறுத்திவிட்டதை மறைக்காமல் சொல். ப்ராமிபெக்ஸோலை அப்படி நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். சட்டென்று விட்டால் கால் குடைச்சல் பல மடங்காகத் திரும்புவது ஒரு பக்கம். வேர்த்துக் கொட்டுவது, படபடப்பு, உடம்பு வலி, காரணமில்லாத துக்கம் என்று இன்னொரு பக்கமும் உண்டு. அவர் பார்த்துவிட்டு, சின்ன அளவில் மறுபடி ஆரம்பித்துப் படிப்படியாக இறக்கலாம் என்றால் கேள். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு, தாங்க முடியவில்லை என்று நீயாகப் பழைய அளவை எடுத்து விழுங்காதே. அந்த ஒரு ராத்திரி நன்றாகத் தூங்குவாய், பட்டதெல்லாம் மறுபடி முதலிலிருந்து. மனசு ரொம்ப இருண்டு போனால் எனக்குப் போன் பண்ணு. என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416, டெலி மனாஸ். அரசாங்க நம்பர்தான், தமிழிலேயே பேசுவார்கள்.

இப்போது, ஏன் இப்படி ஆயிற்று என்பதைச் சொல்கிறேன். தெரிந்தால் பயம் பாதி குறையும். இந்த மாத்திரை முதலில் பார்க்கின்சன் வியாதிக்காக வந்தது. மூளையில் டோபமின் செய்கிற வேலையை இது போய்ச் செய்யும். நம் வியாதிக்கும் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் இதே வகையைச் சேர்ந்த ரோபினிரோலுக்கு 2005-லும் ப்ராமிபெக்ஸோலுக்கு 2006-லும் அனுமதி கொடுத்தார்கள். முதல் ராத்திரி அதை விழுங்கிவிட்டுப் படுத்தபோது எனக்குத் தெய்வமே வந்த மாதிரி இருந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பிறகுதான் அது கந்துவட்டிக்காரன் வேலையைக் காட்டும். ராத்திரி கொடுத்த நிம்மதியை மறுநாள் சாயங்காலமே வட்டியோடு வசூல் பண்ணும்.

எனக்குத் தெரிந்தது நவராத்திரி மண்டபத்தில். நம் வலியசாலையிலேயே இருந்த பாறசாலை பொன்னம்மாள் மாமி 2006-ல் முதல் பெண்மணியாக உட்கார்ந்து பாடினாரே, அதே மண்டபம்தான். கச்சேரி சாயங்காலம் ஆறு மணிக்கு. தரையில்தான் உட்கார வேண்டும். முன்பெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல், படுத்தால்தான் எனக்குக் கால் குடையும். கச்சேரிக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. ஒரு வருஷம் ராகம் பாடி முடிப்பதற்குள் காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். அடுத்த சில மாசங்களில் மத்தியானம் தினசரி படிக்க உட்கார்ந்தாலே ஆரம்பித்தது. அப்புறம் கைக்கும் வந்தது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் அளவை ஏற்றினார். நல்ல மனுஷர்தான், நான் கஷ்டப்படுகிறேன் என்று ஏற்றினார். ஏற்றின ஒவ்வொரு தடவையும் சில வாரம் சுகம், பிறகு முன்னைவிட மோசம்.

இதற்கு ஆக்மென்டேஷன் என்று பெயர். 1996-லேயே ரிச்சர்ட் ஆலன், கிறிஸ்டஃபர் எர்லி என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் லெவோடோபா மருந்தில் இதைப் பார்த்து எழுதிவிட்டார்கள். ப்ராமிபெக்ஸோல் வகையிலும் எடுத்துக்கொள்பவர்களில் வருஷத்துக்கு நூற்றில் ஏழெட்டுப் பேராவது இதில் மாட்டுவதாகக் கணக்கு. பத்து வருஷம் சாப்பிட்டவர்களுக்கு அது எவ்வளவாகும் என்று நீயே பார், கணக்கு டீச்சர்தானே நீ. 2025 ஜனவரியில் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி, இந்த வகை மாத்திரைகளை வழக்கமான வைத்தியமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. கபபென்டின், ப்ரீகாபலின், குறைந்திருந்தால் இரும்புச்சத்து என்று வரிசை மாறிவிட்டது. எனக்கு முதலில் கபபென்டினைத் தொடங்கிவிட்டுத்தான் பழையதை இறக்கினார்கள். உனக்கு எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். உன் கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போ. அதைப் பார்த்துத்தான் அளவு போடுவார்கள். கபபென்டின் வகை மாத்திரையில் தலை சுற்றும், ராத்திரி எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள். நம் வயசில் இடுப்பெலும்பு முறிந்தால் அது வேறு கதை.

புடவை விஷயம். பிள்ளை கார்டு பில்லைப் பார்த்துவிட்டுக் கேட்டானாம், நீ கூனிக் குறுகிப் போனாயாம். பாப்பா, ஆன்லைனில் ராத்திரி முழுக்கப் புடவை வாங்கித் தள்ளினது உன் புத்தி இல்லை. ப்ராமிபெக்ஸோல் சில பேருக்கு அடக்க முடியாத ஆசையைக் கிளப்பும். சூதாட்டத்தில் சொத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள்; ஓயாமல் தின்கிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதத்திலேயே இது போட்டிருக்கிறது, யார் படிக்கிறார்கள்? பிள்ளையிடம் இந்தப் பாராவைக் காட்டு. டாக்டரிடமும் இதைச் சொல்லியே ஆக வேண்டும், வெட்கப்படாதே. பிரிக்காத புடவைகளைத் திருப்பி அனுப்பு. அந்த மாம்பழக் கலர் பட்டை மட்டும் எனக்கு வைத்துவிடு.

அம்மா ஞாபகம் இருக்கிறதா? அடுக்களையைக் கழுவிவிட்டுப் படுத்த கொஞ்ச நேரத்தில் எழுந்து முற்றத்தைச் சுற்றுவாளே. அக்ரஹாரத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டின வீடுகள், அடுத்தாத்து மாமி முழித்துக்கொள்வாள் என்று மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு நடப்பாள். உன்னை வயிற்றில் சுமந்தபோது ரொம்ப அதிகமாக இருந்தது என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். கர்ப்பத்தில் இது கூடும், குடும்பத்திலும் தொடரும். எல்லாரும் வாயு என்றார்கள், வாதம் என்றார்கள், கடைசியில் மனப்பிராந்தி என்றார்கள். இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்பவர் 1672-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். ஸ்வீடனில் எக்போம் என்கிற டாக்டர் 1945-ல் பெயரும் வைத்துவிட்டார். அதெல்லாம் நம் முற்றத்துக்கு வந்து சேரவே இல்லை. 2007-ல் வெளியான பெங்களூர் ஆய்வு ஒன்றில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்கு இது இருந்தது. நம் தெருவிலேயே எத்தனை பேர் இப்படி மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தார்களோ.

டாக்டரிடம் ஃபெரிட்டின் டெஸ்ட் கேள். நீயே வாயைத் திறந்து கேட்க வேண்டும். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்கிறதே என்பார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உள்ளே சேமிப்பில் இரும்பு வற்றியிருக்கலாம், ஃபெரிட்டின்தான் அதைக் காட்டும். மூளை டோபமின் செய்வதற்கு இரும்பு வேண்டும். லேப் காகிதத்தில் பதினைந்துக்கு மேலிருந்தால் நார்மல் என்று அச்சடித்திருப்பார்கள். நம் வியாதிக்கு அது போதாது. 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். எனக்கு 19 இருந்தது, அதுவும் நார்மல் என்று டிக் போட்டு வந்தது! டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் சேர்த்துப் பார்க்கச் சொல். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடு. நீயாக இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க ஆரம்பிக்காதே, அதிகமானாலும் கெடுதல்தான். அவர் கொடுத்தால், நெல்லிக்காயோ எலுமிச்சம்பழச் சாறோ சேர்த்துக்கொள். காப்பியோடு கூடவே கூடாது. கால்சியம், தைராய்டு மாத்திரைகளோடும் சேர்க்காதே, மணிக்கணக்கில் இடைவெளி வேண்டும். மாத்திரையில் ஏறவில்லை என்றால் நரம்பில் ஏற்றுவார்கள்.

காப்பி என்று எழுதினதுமே உன் முகம் எனக்குத் தெரிகிறது. காலையில் ஒரு டம்ளர் இருக்கட்டும். மூன்று மணி காப்பியை விடு.

இதைவிட முக்கியம், தூக்கம் வரட்டும் என்று யாராவது கொடுக்கிற ஜலதோஷ மாத்திரை. குளோர்ஃபெனிரமைன், ஃபெனிரமைன், இருமல் மருந்தில் வருகிற டைஃபென்ஹைட்ரமைன், எல்லாமே இந்தக் குடைச்சலைக் கிளப்பிவிடும். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோப்ரமைடு அதைவிட மோசம். மனச்சோர்வு மாத்திரைகளிலும் பல இப்படித்தான். உங்காத்துக்காரர் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஏதாவது வாங்கி வருவார், பாவம், உன் கஷ்டம் பொறுக்காமல். பெயரைப் படிக்காமல் வாயில் போடாதே.

ராத்திரியை எப்படித் தள்ளுவது என்று கேட்டாய். படுக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே, எழுந்து நட. வெந்நீரில் காலை வை. சில பேருக்குப் பச்சைத் தண்ணீர்தான் கேட்கும், இரண்டையும் பார். தைலம் தேய்த்தால் தேய்க்கிற நேரத்துக்குச் சுகம், அதுவும் வேண்டியதுதான். ஆனால் கைகண்ட மருந்து மூளையை மாட்டிவிடுகிற வேலை. டிவி முன்னால் சாய்ந்திருப்பது பிரயோஜனமில்லை. நான் லலிதா ஸஹஸ்ரநாமம் சொல்லிப் பார்த்தேன். சின்ன வயசிலிருந்து மனப்பாடம், நாக்கு அதுபாட்டுக்கு ஓடிற்று, மூளை காலையே பிடித்துக்கொண்டிருந்தது. அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள். சமையல் மேடையில் நோட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே, போட்டே பழகாத பெரிய சிக்குக் கோலம் போட்டேன். ஒரு இழை தப்பினால் எல்லாம் போயிற்று என்கிற மாதிரி. அதில் இறங்கிவிட்டால் கால் அடங்கும். சாலைக் கடைத்தெருவுக்கு லாரிகள் வருகிற சத்தம் கேட்கிறவரைக்கும் எத்தனையோ ராத்திரி அப்படிப் போயிருக்கிறது. உனக்குக் கணக்கு இருக்கிறது. பேரனுடைய பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவை.

பொய் சொல்லித் தேற்ற மாட்டேன். வியாதி போகாது. மாத்திரை ஏற்றி விட்ட உயரத்திலிருந்து அதன் சொந்த அளவுக்கு இறங்கும், அவ்வளவுதான். முதல் சில ராத்திரிகள்தான் கொடுமை. பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும். எனக்கும் அப்படித்தான் தணிந்தது. இப்போதும் சில ராத்திரி குடையும், எழுந்து நாலு நடை நடந்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். மத்தியானம் தினசரியை உட்கார்ந்தே படிக்கிறேன்.

மதுரையில் சரிப்படவில்லை என்றால் இங்கே கிளம்பி வா. மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கிற ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி அசைவுக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அங்கே உன் டாக்டரிடமிருந்து ரெஃபரல் கடிதம் கேட்பார்கள், வாங்கிக்கொண்டு வா. ராத்திரி ரயில் வேண்டாம், பகல் வண்டியில் நடைபாதைப் பக்கம் சீட்டுப் போடச் சொல். மாசக் கடைசியில் நவராத்திரி வருகிறது, முடிந்தால் கச்சேரிக்கும் போகலாம். நான் இப்போது தூண் ஓரமாக இடம் பிடித்துக்கொள்கிறேன், எழுந்திருக்க வசதி.

நாளைக்கு டாக்டர், அதோடு ஃபெரிட்டின். எண் வந்ததும் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ராத்திரி எந்த நேரமானாலும் போன் பண்ணு, நான் எடுப்பேன்.

உன்
அக்கா