தராசா, தண்ணீரா?

மாடி வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்க்கு மண் எட்டாப் பொருளாகிவிட்டது. டில்லியில் மூன்றாம் மாடிக் குவார்ட்டர்சில் வாழும் நாங்கள், பால்கனியில் 20 லிட்டர் வாளியொன்றில் உரக் கரைசலை நிரப்பி, மண்ணில்லாமலே சிறுகீரை வளர்த்து வருகிறோம். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய விதை ஒரு கைப்பிடிதான். ஆகவே தளிர்களில் நரம்பு மட்டும் பச்சையாய் நிற்க, இடையெல்லாம் மஞ்சள் பாய்ந்தபோது எங்கள் கவலை பெரிதாயிற்று.

நீரின் அமிலத் தன்மையை அளக்கும் பி.எச். என்னும் கணக்கை 1909-இல் டென்மார்க் நாட்டு இரசாயன அறிஞர் சோரன்சன் வகுத்தார். 7 என்பது நடுநிலை. கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் குறைந்தால் அமிலத் தன்மை பத்து மடங்கு மிகும். கரைசலில் வளரும் கீரைக்கு 5.5 முதல் 6.5 வரை உகந்தது. 7-ஐத் தாண்டினால் இரும்புச் சத்து நீரில் இருந்தும் வேருக்குக் கிட்டாது, தளிர் வெளுக்கும்.

எங்கள் பேனா வடிவக் கருவியோ காலையில் 6.0, மாலையில் 6.8, மறுநாள் 7.4 என்றது. ஒரே குவளையில் மும்முறை தோய்த்தால் மூன்று எண்கள்! “இன்னும் அமிலம் ஊற்றுங்கள், தம்பி” என்றார் அண்டை வீட்டு அண்ணன். நாங்கள் ஊற்றவில்லை. மூட்டையின் எடையில் ஐயம் எழுந்தால், எடைக்கல்லை வைத்துத் தராசை முதலில் சோதிப்பதே பார்சல் ஆபீசு கற்பித்த பாடம்.

இங்கே எடைக்கல், கருவியோடு வந்த தூள் பொட்டலம். 6.86 என்று அச்சிட்டதைக் காய்ச்சி வடித்த நீர் 250 மில்லி லிட்டரில் கரைத்துத் தோய்த்தோம். கருவி 7.3 காட்டியது, அதிலும் நிலைகொள்ளவில்லை. கடையில் இருந்தபோதே அதன் கண்ணாடிக் குமிழ் காய்ந்து போயிருந்தது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, 6.86, 4.01 என்னும் இரு கரைசல்களிலும் திருத்தியபின் எண் நிலைத்தது. காய்ச்சி வடித்த நீரில் குமிழை ஊறவைத்தல் ஆகாது. அது கருவியைக் கெடுக்கும்.

தராசு சரியாயிற்று, வாளி அடங்கவில்லை. மாலையில் 6.0-க்குக் கொணர்ந்தால் விடியலில் 7.2! ஏற்றுவது செடியா, உரமா, நீரா? வெறும் நீர் ஒரு பாத்திரத்திலும், உரம் கலந்த நீர் மற்றொன்றிலும் வைத்து, செடியுள்ள வாளியோடு மூன்றையும் 6.0-க்குக் கொணர்ந்தோம். மறுநாள் வெறும் நீரும் வாளிக்கு நிகராக ஏறியிருந்தது. எனவே காரணம் எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரே. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தோடு கூடிக் கரியமில வாயுவாக மாறுகிறது. வாயு நீரில் தங்கும் வரை எண் தாழ்ந்திருக்கும். அது வெளியேற வெளியேற எண் ஏறும். அமிலம் ஊற்றியவுடன் காணும் எண்ணை நம்பலாகாது என்பது இதனால் விளங்கும்.

பாதி நீருக்கு ஈடாக ஆர்.ஓ. கருவியின் நீரைச் சேர்த்தோம். முழுதும் அந்நீரேயானால், தாங்கும் உப்பின்றிச் சில துளி அமிலத்திற்கே எண் சரிந்துவிடும். உரத்தை முதலில் கலந்து, கையுறை அணிந்து, நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தைத் துளித் துளியாய் இட்டு, ஓரிரவு கழித்தே அளந்தோம். வாளியைக் கறுப்புத் துணியால் மூடினோம். வெளிச்சம் பட்டால் பாசி படரும்; பாசி பகலில் கரியமில வாயுவை உண்டு எண்ணை உயர்த்தும்.

இப்போது மூன்று நாளில் 6.0 என்பது 6.3 ஆகிறது. செடி நைட்ரேட்டை உண்ணுகையில் இவ்வளவு ஏற்றம் இயல்பே. அதற்கு மருந்து வேண்டா. புதுத் தளிர்கள் பச்சையாகவே வருகின்றன.

வாளியில் கீரை வளர்க்கும் அன்பர்கள் இம்முறையைக் கைக்கொள்வார்களாக: முதலில் கருவியைச் சோதியுங்கள்; அடுத்து நீரைச் சோதியுங்கள்; அதன்பின்னரே அமிலப் புட்டியைத் திறவுங்கள். இரண்டு செடிகளைப் பறிக்காமல் விதைக்கு விட்டிருக்கிறோம். முற்றியதும் சங்கத்தில் சேர்ப்பிப்போம், வேண்டுவோர் பெற்றுக்கொள்ளலாம்.