பார்பியானா: ஒரு மலைக்கிராமப் பங்குப் பள்ளி

இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகருக்கு வடக்கே, முஜெல்லோ மலைப்பகுதியில் இருக்கிறது பார்பியானா. 1954 டிசம்பரில் லொரென்ஸோ மிலானி அங்கே பங்குத்தந்தையாக வந்தபோது சரியான சாலையில்லை, மின்சாரமில்லை. திருச்சபை மேலிடத்துக்குப் பிடிக்காதவர் என்று ஒதுக்கி அனுப்பப்பட்டவர். வந்த மறுநாளே அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் தனக்கென ஓர் இடம் வாங்கினார். இனி இவர்கள்தான் என் மக்கள் என்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்?

பங்கு வீடே பள்ளியானது. வந்தவர்கள் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். அரசுப் பள்ளி ஃபெயிலாக்கித் துரத்தியவர்களும் உண்டு. காலை முதல் மாலைவரை பாடம், ஞாயிறும் விடுமுறையில்லை. செய்தித்தாளை உரக்கப் படித்து, புரியாத சொல் வந்தால் நின்று, புரியும்வரை பேசுவார்கள். தெரிந்த பையன் தெரியாதவனுக்கு ஆசிரியர். தண்ணீர் பயம் போக அவர்களே ஒரு நீச்சல் குளமும் கட்டினார்கள். கடைசி மாணவனுக்குப் புரியாமல் பாடம் நகராது என்பதுதான் என்னை மிகவும் அசைத்தது.

ஆசிரியர் பயிற்சித் தேர்வில் தோற்ற மாணவர்களுக்காக இப்பள்ளியின் எட்டுப் பையன்கள் சேர்ந்து ஆசிரியருக்கு எழுதிய கடிதம் 1967 மே மாதம் புத்தகமாக வந்தது. பணக்காரப் பிள்ளைகளைத் தேற்றி, ஏழைகளைக் கழித்துக்கட்டும் பள்ளிமுறையைப் புள்ளிவிவரங்களோடு கேள்வி கேட்டார்கள். அடுத்த மாதமே மிலானி இறந்தார். வயது 44. 2017இல் போப் பிரான்சிஸ் அவருடைய கல்லறைக்கு வந்து ஜெபித்தார்.

‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்று அந்தக் கடிதம் தமிழிலும் வந்திருக்கிறது. ஆசிரியராக இருக்கும் நண்பர்களே, தேடிப் படியுங்கள்.